அப்பா பெயருக்கு நேரே ‘வரவில்லை’

டயாலிசிஸ் சென்டரில் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் என் அப்பா பெயருக்கு நேரே இரண்டு இடத்தில் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு வாரமும் அப்பா வந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நாலு மணி நேரம் படுத்திருந்தார். அவர் ரத்தம் டியூப் வழியாகப் போய் மிஷினைச் சுற்றித் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நோட்டில் அவர் வரவில்லை. அதை வைத்து அவர் இடத்தை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியையும் மண்ணையும் மண்வெட்டியால் வாரி மேலே போடுகிற வேலை. நான் பிறக்கும் முன்பிருந்து அதே வேலைதான். கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. அம்மா நான் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டாள். நான் ஒன்பதாவதோடு நின்று மெயின் பஜார் பக்கம் ஒரு இட்லி மாவுக் கடையில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

சுரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் காதுகுத்து இருக்கும், இன்னொருவருக்கு நடவு இருக்கும், இன்னொருவர் பெண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கும். ‘என் ஷிப்ட்டுக்கு நீ போ, உன் ஷிப்ட்டுக்கு நான் வரேன்’ என்று பேசிக்கொள்வார்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் போதும். அவர் இரண்டு பேருக்கும் ஆஜர் போட்டுவிடுவார். எழுத்து எதுவும் கிடையாது. ஷிப்ட் மாற்றித் தராதவன் என்று பெயர் எடுத்தவனோடு டீக்கடையில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

அப்பா இதில் மகாராஜா. யார் கேட்டாலும் மாற்றிக் கொடுப்பார். தீபாவளி அன்று அவர் வீட்டில் இருந்து நான் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய வருஷங்கள்தான்.

“புள்ளக்குட்டிக்காரன் கேக்குறான் பாப்பா. எப்பிடி மாட்டேன்றது?”

“அப்ப நான் என்னா, நாய்க்குட்டியாப்பா?”

சிரிப்பார். சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கிட்னி இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது கால் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் இருக்கும் என்றார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு டிரஸ்ட் இலவசமாக டயாலிசிஸ் சென்டர் நடத்துகிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கிற சிஸ்டருக்குத் தொந்தரவு வரக்கூடாது. அங்கே இருப்பது நாலு மிஷின். ஒரு மிஷினுக்கு ஒரு நாளில் மூன்று பேர். இடம் கிடைக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை எங்கெங்கோ அலைந்தோம். கடைசியில் திங்கள், வியாழன், காலை ஏழு மணி என்று அப்பாவுக்கு ஒரு இடம் கிடைத்த அன்று நான் மாவுக் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். வேலை கிடைத்தால்கூட அப்படிக் கொடுத்திருக்க மாட்டேன்.

அங்கே போன மூன்றாவது வாரமே அப்பா அந்த அறையைச் சுரங்கமாக்கிவிட்டார். மிஷின் ஓடத் தொடங்கினால் “பெல்ட்டு ஸ்டார்ட் ஆயிடிச்சி” என்பார். பக்கத்துப் படுக்கையில் நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிற ஒரு தாத்தா. கரும்பு போடுகிறவர், தனியாள். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“என்னா கரும்பு, ஒடம்பு எளச்சிட்ச்சி?”

“ஆலைக்காரன் புழிஞ்சது போக மிச்சத்த இந்த மிஷின்காரன் புழியறான்யா, சுரங்கம். சக்கதான் இருக்குது.”

சிஸ்டர் ஊசியோடு வந்து, “ரெண்டு பேரும் கையை ஆட்டாம பேசுங்க, இல்லன்னா வாயிலயும் ஒரு ஊசி போடுவேன்” என்பார். அந்த அறையில் இவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

புதன், சனி வருகிற ஒரு அக்காவை ஒரு திங்கட்கிழமை வாசலில் பார்த்தோம். குள்ளஞ்சாவடிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், இரண்டு குழந்தைகள். அவள் புருஷனும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவள் சிஸ்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. இரண்டு வாரத்துக்குப் புதன்கிழமை காலை வேலை, வியாழக்கிழமைதான் ஓய்வு. டயாலிசிஸ் முடிந்ததும் அவளுக்குத் தலை சுற்றி விழும். பஸ்ஸில் தனியாகப் போக முடியாது. வண்டியில் கூட்டிப்போக அவன் வேண்டும்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

“இதுக்கா அழுதுக்கினு நிக்கிற? எனக்கு வியாழன், ஒனக்கு பொதன். ரெண்டு வாரம் மாத்திக்கினா போச்சி. ஷிப்ட்டுதானம்மா.”

“ஒங்களுக்குக் கஷ்டமாச்சேண்ணா…”

“ஒரு நாளு முன்ன வரப்போறேன், அவ்ளோதான். சிஸ்டரு, செரிங்களா?”

சிஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். “ரெண்டு வாரம்தானே? சரி, நான் பாத்துக்கறேன்.”

அப்பாவுக்கு அது போதும். மேஸ்திரி சரி என்று சொல்லியாகிவிட்டது. எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. அந்த அக்காவுக்கும்தான். எங்கள் மூன்று பேருக்கும் உலகத்தில் தெரிந்த ஒரே வருகைப் பதிவு மேஸ்திரியின் வாய்.

புதன்கிழமை நோட்டு சிஸ்டரிடம். அந்த நாள் பக்கத்தில் அக்கா பெயர்தான் இருந்தது, அப்பா பெயர் கிடையாது. ஆள் படுத்திருக்கிறது, மிஷின் ஓடுகிறது என்று சிஸ்டர் அக்கா பெயருக்கு நேரே டிக் போட்டார். வியாழக்கிழமை நோட்டு மேனேஜரிடம். அவர் பெயரைப் படித்துக் கூப்பிடுவார். அப்பா பெயரைப் படித்தாராம். “அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன் சார்” என்று அக்கா எழுந்து நின்றாளாம். “படுக்கை காலியாத்தானே இருக்குது, படும்மா” என்று சொல்லிவிட்டு, அப்பா பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே. அக்கா இதைப் பார்க்கவில்லை. கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனோம். அப்பாவின் படுக்கையில் ஒரு பையன் படுத்திருந்தான். என் வயதுதான் இருக்கும். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சொன்னார்: “ஒங்க எடம் கேன்சல் ஆயிடிச்சேப்பா. ரெண்டு தடவ வரல. போர்டுல எழுதிப் போட்டிருக்கோமே.”

சுவரில் இருந்தது உண்மைதான். ஒரே மாதத்தில் இரண்டு முறை சொல்லாமல் வராவிட்டால் இடம் ரத்து. அதை நானும் படித்திருக்கிறேன். அது எங்களைச் சொல்கிறது என்று தோன்றவே இல்லை. நாங்கள்தான் சொல்லிவிட்டோமே. நாங்கள்தான் வந்தோமே.

“வந்தாரு சார். புதங்கிழம வந்தாரு. மாத்திக்கினோம்” என்றேன்.

“மாத்திக்கினீங்களா? யாரக் கேட்டு?”

சிஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். “நான்தான் சார் சரின்னு சொன்னேன்.”

“எழுத்துல இருக்காம்மா?”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “அந்தப் பையனும் மாசக் கணக்கா வெயிட்டிங்ல இருந்தவன்தான். ஊசி ஏத்தியாச்சி. எழுப்பி விடட்டுமா? நீ சொல்லு, எழுப்பி விடறேன்.”

நான் ‘எழுப்புங்க’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, திறந்துவிட்டேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“வேணாங்க, வேணாங்க. புள்ள படுத்திருக்கட்டும். நாங்க அப்பறமா வரோம்.”

அப்புறமா வரோம்! டீக்கடைக்கு வந்தவர் பெஞ்சு நிறைந்திருந்தால் சொல்வது போல.

பஸ் ஸ்டாப்பில் அவரை ஏசித் தீர்த்தேன். “ஒனக்கு வாயே கெடையாதாப்பா? உசுரு போற விஷயத்துலயும் வுட்டுக்குடுப்பியா?”

“அவன் மூஞ்சப் பாத்தியா பாப்பா. பயந்து போயி என்னையே பாத்துக்கினு இருக்கான். எப்பிடி எழுப்பறது?”

எப்படி எழுப்புவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மறுபடி இடம் வேண்டுமானால் கமிட்டி முன்னால் போக வேண்டும். நீள மேஜைக்குப் பின்னால் நாலு பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. ஒரு பாரம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மார்க். வயது குறைவாக இருந்தால் மார்க் கூடும். மறுபடி வேலைக்குப் போக முடியுமானால் மார்க் கூடும். நம்பியிருப்பவர்கள் அதிகமானால் மார்க் கூடும்.

“ஒங்கள நம்பி வீட்ல எத்தன பேரு இருக்காங்க?” என்று கேட்டார் ஒரு பெரியவர். நல்லவிதமாகத்தான் கேட்டார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்தால் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

“ஒருத்தருமில்லீங்க. எம் பொண்ணு சம்பாதிக்குது. அதுதான் என்னப் பாத்துக்குது. யார் கையையும் எதிர்பாக்கல.”

பெருமை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமையை அங்கேயும் கொண்டுபோய் வைத்தார். அவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார்கள். நான் அவரை நம்பி இல்லையாம். நான் சம்பாதித்தால் எனக்கு அப்பா வேண்டாமாம். காலையில் என்னை எழுப்ப, நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்று சொல்ல, கடை விட்டு வரும்போது தெருமுனையில் நிற்க எனக்கு ஒருத்தர் வேண்டாமாம். இதற்கெல்லாம் அந்தப் பாரத்தில் கட்டமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காமல் நின்றவள் நான். அப்பா உயிர் வாழ மார்க் வாங்க வேண்டும் என்று நினைத்ததில்லை.

வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்டார்கள். கீழே, மிகவும் கீழே.

அந்த வாரம் நான் மட்டும் மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் மேஜையில் சாப்பாடு பிரிக்காமல் இருந்தது, மணி மூன்றரை. நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, லிஸ்ட்டை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

“நாலு மிஷினும்மா. அதுக்கு மேல எங்கிட்ட கெடையாது. ஒங்கப்பாவ சேக்கணும்னா ஒருத்தர எடுக்கணும். யார எடுக்கட்டும்? நீயே டிக் பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நான் பேனாவைத் தொடவில்லை என்று சொல்ல ஆசைதான். எடுத்தேன். லிஸ்ட்டைப் படித்தேன். குள்ளஞ்சாவடி அக்காவின் பெயர் இருந்தது, தாண்டினேன். அந்தப் பையன் பெயர் இருந்தது, தாண்டினேன். நெல்லிக்குப்பம் கரும்புத் தாத்தா பெயரில் என் விரல் நின்றது. எழுபது தாண்டியவர். தனியாள். போனால் யார் அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன், வேறு யாரும் இல்லை. கமிட்டிக்காரர்கள் என் அப்பாவைப் பார்த்து என்ன கணக்குப் போட்டார்களோ, அதே கணக்கை அரை நிமிஷத்தில் நானும் போட்டேன்.

பேனாவை வீசி எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். யார் சாகட்டும் என்று என்னைக் கேட்க இவர் யார்? அந்தக் கேள்வியை இவரிடம் கொடுத்தது யார்? நாலு மிஷின், நாலு மிஷின் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏதோ வானத்திலிருந்து விழுந்த எண் மாதிரி. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் உட்கார்ந்து நாலு போதும் என்று முடிவு செய்திருக்கிறார் அல்லவா? அவர் ஏன் இந்த மேஜையில் இல்லை? அவர் கையில் ஏன் யாரும் பேனா கொடுப்பதில்லை?

எங்கள் ஊரில் மண் தோண்டுகிற மிஷின் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். அது நின்றுபோனால் ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஓடி வருவார்கள். அப்பா சொல்லுவார், “மிஷினு நின்னா நிமிஷத்துக்குக் கணக்கு பாப்பா” என்று. மிஷின் நிற்காமல் ஓடுவதற்கு இவ்வளவு பேர் ஓடுகிறார்கள். அதற்கு அடியில் மண் வாரியவர் நின்றுபோனால் நோட்டைத் திறந்து வரவில்லை என்று எழுதுகிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூச்சு வாங்கினால் மட்டும் எமர்ஜென்சியில் போடுவோம் என்றார்கள். ஆகவே மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, வாங்கியதும் ஓடினோம். வெளியே காசுக்கும் முடிந்தவரை செய்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தபோது, என் தோளில் சாய்ந்திருந்த அப்பா கனத்துப்போனார். “ஏந்திரிப்பா, கூப்பிடறாங்க” என்று உலுக்கினேன். உண்மையிலேயே அப்போதுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

குள்ளஞ்சாவடி அக்கா சாவுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான்டி, என்னாலதான்” என்று அழுதாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: உன்னால் இல்லை அக்கா. அன்றைக்கு வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சென்டருக்குப் போனேன். அங்கே அவரவர் பெட்ஷீட்டை அவரவர் கொண்டுவர வேண்டும். அப்பாவின் நீலப் பெட்ஷீட் அங்கேயே கிடந்தது, அதை எடுக்கப் போனேன். வாசல் பெஞ்சில் கரும்புத் தாத்தா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தப் பையன். தாத்தாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் விரல் எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியாது.

“வா பாப்பா. சுரங்கம் இல்லாம பேச்சே இல்ல இங்க” என்றார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டே, “வர்ற வியாழக்கெழம ஆலையில கட்டிங் ஆர்டரு குடுத்துட்டான். ஆளு வந்து கரும்பு வெட்டறாங்க, நான் வயல்ல நின்னாவணும். இந்தத் தம்பிக்கி இப்ப செவ்வா, வெள்ளின்னு ஆக்கிட்டாங்க, அதான் பேச வரச்சொன்னேன். மாத்திக்கறேன்றான்” என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். அன்றைக்கு அப்பாவின் படுக்கையில் படுத்தபடி எங்களைப் பார்த்த அதே கண். “தாத்தா கேட்டாரு, நான் செரின்னுட்டேன்கா” என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறியது. “மாத்தாதீங்க! யாரும் யாருக்கும் மாத்திக் குடுக்காதீங்க! அவங்கவங்க நாள்ல அவங்கவங்க வந்து படுங்க. கரும்பு காஞ்சா காஞ்சிட்டுப் போவுது!”

சொல்லி முடித்ததும் எனக்கே கேவலமாக இருந்தது. அப்பா இருந்து இதைக் கேட்டிருந்தால் ஓர் அறை விட்டிருப்பார். என்னை ஒருநாளும் அடிக்காத மனுஷன் அன்றைக்கு அடித்திருப்பார். உதவி செய்யாதே என்று சொல்லித்தர வேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்றுதான் அழுகை வந்தது.

தாத்தா கையையும் பையன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேனேஜர் மேஜையில் பச்சை நோட்டு இருந்தது.

“இவரு நாள்ல இவன் வருவான், இவன் நாள்ல இவரு வருவாரு. எழுதுங்க சார்.”

“இதுக்கெல்லாம் நோட்டுல எடம் கெடையாதும்மா. பேரு, வந்தார், வரவில்லை. அவ்ளோதான்.”

சிஸ்டர் டிராயரைத் திறந்து ஒரு ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார். நோட்டை என் பக்கம் திருப்பினேன். ஓரத்தில் நீளமாக ஒரு கோடு போட்டேன். மேலே ‘மாற்றி வந்தார்’ என்று எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும், ஆனாலும் படிக்கலாம். தாத்தா கையெழுத்துப் போட்டார். பையனும் போட்டான்.

“அடுத்த பக்கத்துல இந்தக் கோடு இருக்காதும்மா” என்றார் மேனேஜர்.

“அடுத்த பக்கத்துலயும் வந்து போடுவேன் சார்.”

நான் கோடு போட்டதால் மிஷின் ஐந்தாகிவிடாது. அது எனக்குத் தெரியும். நாலுக்கு வெளியே இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண் யாராவது நாளை இங்கே வந்து கத்துவாள். அந்த நாலைப் பற்றி யாரிடம் போய்க் கத்துவது என்று நானும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோட்டை மூடுவதற்காக மேனேஜர் கையை நீட்டினார். நான் விடவில்லை. பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அப்பா பெயர், சிவப்பு மை.

“போனவங்களுது எதுக்கும்மா இப்போ? விடு.”

“எழுதிட்டு விடறேன் சார்.”

அந்தப் பக்கத்திலும் ஓரத்தில் கோடு போட்டேன். ‘புதன்கிழமை வந்தார்’ என்று எழுதினேன். அடுத்த வாரத்துப் பக்கத்திலும் எழுதினேன். கீழே சாட்சி மாதிரி என் பெயரையும் எழுதி, பெட்ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.